நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவர் அனுப்பும் பில்லைக் கட்டத்தான் வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் வாழும் வாசகர்களிடமிருந்து மருத்துவ பில்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். நெட்வொர்க் என்று இங்கே சொல்வது, உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்துடன் கட்டண ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும். எல்லாக் கடிதங்களையும் சேர்த்துப் படிக்கும்போது ஒரு பொதுவான பழக்கம் கண்ணில் பட்டது. கடன் என்ற சொல்லுக்கே அஞ்சுகிற நம்மவர்களில் பலர் பில் வந்த அன்றே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அது தாங்கள் கட்ட வேண்டிய தொகைதானா என்று பார்ப்பது அதற்குப் பிறகுதான். அந்த வரிசையை மாற்றிக்கொண்டால், கீழே வரும் சிக்கல்களில் பாதி எழவே எழாது.

கேள்வி: என் மனைவிக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனையும் அறுவை மருத்துவரும் எங்கள் இன்சூரன்ஸ் நெட்வொர்க்கில் இருப்பதை முன்பே உறுதிசெய்துகொண்டோம். ஆறு வாரம் கழித்து, பெயரே கேள்விப்படாத ஒரு மயக்க மருந்து மருத்துவர் குழுவிடமிருந்து 2,320 டாலருக்கு பில் வந்திருக்கிறது. தொலைபேசியில் கேட்டால், தாங்கள் எங்கள் நெட்வொர்க்கில் இல்லை என்கிறார்கள். கட்டத்தான் வேண்டுமா ஐயா? – வாசகர், நியூ ஜெர்சி

பதில்: அந்தத் தொகை முழுவதையும் கட்ட வேண்டியதில்லை. உங்கள் நிலைமைக்கென்றே இயற்றப்பட்டது போன்ற ஒரு ஃபெடரல் சட்டம் இருக்கிறது. 2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்தாகி, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 'நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்' என்பதுதான் அது. நெட்வொர்க்கில் உள்ள மருத்துவமனையிலோ அறுவை சிகிச்சை மையத்திலோ சிகிச்சை பெறும்போது, அங்கே பணிபுரியும் ஒரு மருத்துவர் நெட்வொர்க்குக்கு வெளியே இருந்தால், அவர் தம் முழுக் கட்டணத்துக்கும் இன்சூரன்ஸ் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை நோயாளியின் தலையில் கட்டக்கூடாது என்கிறது இந்தச் சட்டம். பேலன்ஸ் பில்லிங் என்று சொல்லப்படுவது இந்த வித்தியாசத் தொகையைத்தான். மயக்க மருந்து கொடுப்பவரை நோயாளி தேர்ந்தெடுப்பதில்லை. அறுவை அரங்குக்குள் படுத்திருக்கும்போதுதான் அவர் முகத்தையே பார்க்கிறார். அந்த உண்மையைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

உங்கள் கடிதத்துடன் இணைத்திருந்த இன்சூரன்ஸ் விளக்கத் தாளை, அதாவது ஈ.ஓ.பி. என்று வரும் தாளை, நிதானமாகப் பாருங்கள். மயக்க மருந்து மருத்துவர் கேட்ட கட்டணம் 3,200 டாலர். இன்சூரன்ஸ் ஏற்றுக்கொண்ட தொகை 1,100 டாலர். உங்கள் டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நீங்களே கட்ட வேண்டிய தொகை, இந்த ஆண்டுக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டதால், ஏற்றுக்கொண்ட தொகையில் 20 சதவீதம், அதாவது 220 டாலர், உங்கள் பங்கு. மீதி 880 டாலரை இன்சூரன்ஸ் நேரடியாக அவர்களுக்குக் கொடுத்துவிட்டது. 3,200-இலிருந்து 880-ஐக் கழித்தால் வருவது 2,320. ஆக, உங்களுக்கு வந்த பில்லில் 220 டாலர் மட்டுமே நியாயமானது. எஞ்சிய 2,100 டாலர் சட்டம் தடைசெய்யும் வித்தியாசத் தொகை. நீங்கள் கட்டும் 220 டாலரும் நெட்வொர்க்குக்குள் செலவழித்ததாகவே கருதப்பட்டு, அந்த ஆண்டில் உங்கள் கையிலிருந்து போகக்கூடிய தொகையின் உச்சவரம்புக் கணக்கில் சேர வேண்டும். அது சேர்ந்திருக்கிறதா என்பதையும் அதே தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த மருத்துவர் குழுவின் பில்லிங் பிரிவுக்கு எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள். சிகிச்சை நெட்வொர்க் மருத்துவமனையில் நடந்தது, ஈ.ஓ.பி.யின்படி என் பங்கு 220 டாலர், மீதியைக் கேட்பது நோ சர்ப்ரைசஸ் சட்டத்துக்கு முரணானது என்ற மூன்று வாக்கியங்கள் போதும், ஈ.ஓ.பி.யின் நகலை இணைத்துவிடுங்கள். சட்டத்தின் பெயரைச் சொல்வது முக்கியம். பெயரைச் சொன்னதும் பில்லின் தொனி மாறிவிடுவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். இன்சூரன்ஸ் கொடுத்தது போதவில்லை என்றால், அவர்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்துடன் 30 வேலை நாள்கள் பேச்சு நடத்தலாம். அதிலும் உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் போகலாம். அந்தச் சண்டையில் உங்களுக்கு இடமே இல்லை, உங்களை அதற்குள் இழுக்கவும் கூடாது. அவர்கள் பிடிவாதமாக இருந்தால் 1-800-985-3059 என்ற ஃபெடரல் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம்.

ஒரு நுணுக்கம். நியூ ஜெர்சியில் இதே நோக்கத்துடன் மாநிலச் சட்டம் 2018-இலேயே வந்துவிட்டது. ஆனால், ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தம் சொந்தப் பணத்திலிருந்தே கொடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனியை நிர்வாகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் பெரிய நிறுவனங்களின் திட்டங்களை மாநிலச் சட்டங்கள் பொதுவாகக் கட்டுப்படுத்துவதில்லை. செல்ஃப் ஃபண்டட் என்று சொல்லப்படும் அந்தத் திட்டங்களுக்கும் ஃபெடரல் சட்டம் பொருந்தும். உங்களுடையது எந்த வகை என்பதை அலுவலகத்தின் எச்.ஆர். பிரிவில் ஒரு மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு சிக்கல்களிலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப எழும்.

கேள்வி: அறுவை சிகிச்சைக்கு முன் பதிவு மேசையில் பல தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். அவற்றில் ஒன்றில், நெட்வொர்க்கில் இல்லாதவர்களின் கட்டணத்தை ஏற்கிறேன் என்று எழுதியிருந்ததாம். கையெழுத்திட்டுவிட்டதால் என் உரிமை போய்விட்டதா? – வாசகி, டெக்சஸ்

பதில்: பெரும்பாலும் போகவில்லை. பாதுகாப்பை விட்டுக்கொடுக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த வழி மிகவும் குறுகலானது. அதற்கென அரசு வகுத்த தனிப் படிவம் ஒன்று உண்டு. 'சர்ப்ரைஸ் பில்லிங் புரொடெக்‌ஷன் ஃபார்ம்' என்று அதன் தலைப்பிலேயே இருக்கும். அதை மற்றத் தாள்களோடு கலந்து கொடுக்கக்கூடாது. நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவர் யார், அவர் கேட்கப்போகும் தொகை ஏறத்தாழ எவ்வளவு என்பவை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சிகிச்சைக்கு 72 மணி நேரத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். சிகிச்சைக்கு நாள் குறித்ததே அந்த 72 மணி நேரத்துக்குள் என்றால், நாள் குறித்த அன்றே கொடுக்க வேண்டும். அதே நாளில் சிகிச்சை என்றால், குறைந்தது மூன்று மணி நேரத்துக்கு முன். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். பத்துத் தாள்களுக்கு நடுவே ஒரு வரியாக நுழைத்து வாங்கிய ஒப்புதல் இந்தச் சட்டத்தின்படி ஒப்புதலே அல்ல.

அதைவிட முக்கியமானது, சில பிரிவினர் இந்த ஒப்புதலைக் கேட்கவே கூடாது என்பது. எமர்ஜென்சி மருத்துவம், மயக்க மருந்து, நோய்க்குறியியல், கதிரியல், பச்சிளங்குழந்தை மருத்துவம், ஆய்வகப் பரிசோதனை ஆகியவற்றைச் சேர்ந்தவர்களும், துணை அறுவை மருத்துவர்களும், மருத்துவமனையிலேயே இருந்து வார்டையும் தீவிர சிகிச்சைப் பிரிவையும் பார்க்கும் மருத்துவர்களும் இதில் அடங்குவர். இவர்கள் நீட்டும் தாளில் நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலும் உங்கள் பாதுகாப்பு அப்படியே இருக்கும். எமர்ஜென்சியில் வந்தவரிடமும், அவர் உடல்நிலை சீராகி, சாதாரண வாகனத்தில் வேறு மருத்துவமனைக்குப் போகும் நிலைக்கு வரும்வரை கேட்கக்கூடாது.

நாள் குறித்துச் செய்யும் சிகிச்சைக்கு நெட்வொர்க்கில் இல்லாத அறுவை மருத்துவரே அந்தப் படிவத்தை நீட்டினால், நிலைமை வேறு. நீங்கள் கையெழுத்திட மறுக்கலாம். அவரும் சிகிச்சை செய்ய மறுக்கலாம். அப்போது நெட்வொர்க்கில் உள்ள வேறொருவரைத் தேடுவதற்கு உங்களுக்கு அவகாசம் வேண்டும் என்பதற்காகத்தான் அந்த 72 மணி நேரம்.

இப்போது தாள் என்பதே அரிதாகிவிட்டது. கைக்கடக்கமான ஒரு கருவியை நீட்டி, அதன் சிறு சதுரத்துக்குள் விரலால் கையெழுத்திடச் சொல்கிறார்கள். எதற்குக் கையெழுத்து என்பது மேசைக்கு அப்பால் உள்ள கணினித் திரையில்தான் தெரியும், நமக்குத் தெரியாது. "இதை அச்சிட்டுக் கொடுங்கள், படித்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன்" என்று சொல்வதற்குத் தயங்க வேண்டாம். பின்னால் வரிசையில் நிற்பவர் இரண்டு நிமிடம் காத்திருப்பார்.

கேள்வி: பள்ளி மைதானத்தில் விழுந்து அடிபட்ட மகனை ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். எமர்ஜென்சி பிரிவின் பில் நியாயமாகவே வந்தது. ஆம்புலன்ஸ் நிறுவனமோ 1,900 டாலர் கேட்கிறது. ஆம்புலன்ஸை நாங்கள் அழைக்கவும் இல்லை, தேர்ந்தெடுக்கவும் இல்லை. – வாசகி, கலிஃபோர்னியா

பதில்: இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். ஹெலிகாப்டரிலோ விமானத்திலோ கொண்டுசென்றால் பாதுகாப்பு உண்டு. சாலையில் ஓடும் ஆம்புலன்ஸுக்கு ஃபெடரல் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. அந்தச் சிக்கலை ஆராய ஆலோசனைக் குழு ஒன்றை அமைக்கச் சொல்லிவிட்டு, சட்டம் ஒதுங்கிக்கொண்டது. நோயாளி தேர்ந்தெடுக்கவே முடியாத சேவைகளில் ஆம்புலன்ஸுக்குத்தான் முதலிடம் என்னும்போது, இதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

நல்லவேளையாக நீங்கள் கலிஃபோர்னியாவில் இருக்கிறீர்கள். 2024 ஜனவரி 1 முதல் அந்த மாநிலச் சட்டம், மாநிலத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இன்சூரன்ஸ் திட்டங்களில் இருப்பவர்களிடம் நெட்வொர்க்கில் இல்லாத ஆம்புலன்ஸ் நிறுவனம் நெட்வொர்க்குக்குள் கட்ட வேண்டிய பங்குக்கு மேல் கேட்பதைத் தடைசெய்கிறது. உங்கள் திட்டம் மேலே சொன்ன செல்ஃப் ஃபண்டட் வகையாக இருந்தால் மட்டும் இது பயன்படாது. அப்போது, நெட்வொர்க்குக்குள் உள்ள விகிதத்தில் ஏற்றுக்கொள்ளுமாறு இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் மேல்முறையீடு செய்யுங்கள். பள்ளி அழைத்த ஆம்புலன்ஸ், நேர்ந்தது எமர்ஜென்சி, வேறு வழி இருக்கவில்லை என்பவற்றைப் பள்ளியின் விபத்துக் குறிப்புடன் சேர்த்து எழுதுங்கள். உள் மேல்முறையீட்டுக்கு, மறுப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 180 நாள்கள் அவகாசம் உண்டு. ஒருபக்கம் அது நடக்கும்போதே ஆம்புலன்ஸ் நிறுவனத்திடம், மேல்முறையீடு நிலுவையில் உள்ளதால் வசூல் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று எழுத்தில் கேட்டு வையுங்கள்.

இந்தப் பதிலைப் படித்துவிட்டு, நெஞ்சுவலி வந்தவரைத் தாமே காரில் ஏற்றிச் செல்லலாம் என்று யாரும் முடிவுசெய்துவிடக் கூடாது. பில்லைப் பேசிக் குறைக்கலாம். வழியில் நின்றுபோன இதயத்தைக் காரின் பின் இருக்கையில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவுக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி. இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். அவருக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் எடுத்திருந்தோம். ஆனால் ஏற்கெனவே இருந்த நோய் என்று சொல்லிப் பெரும்பகுதியை மறுத்துவிட்டார்கள். இப்போது மருத்துவமனை, இதய மருத்துவர், ஆய்வகம் எனத் தனித்தனியாக பில்கள் வருகின்றன. நோ சர்ப்ரைசஸ் சட்டம் எங்களுக்கு உதவுமா? இந்தக் கடன் என் பெயரில் ஏறுமா? – வாசகர், இல்லினாய்

பதில்: இந்த மாதம் அதிகமாக வந்த கேள்வி இதுதான் என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஏமாற்றம் தரும் செய்தி. விசிட்டர் இன்சூரன்ஸ் பயணக் காப்பீட்டைச் சேர்ந்தது. நோ சர்ப்ரைசஸ் சட்டம் குறிப்பிடும் முழுமையான மருத்துவக் காப்பீடு அல்ல. ஆகவே நெட்வொர்க்குக்கு வெளியே உள்ளவர்கள் வித்தியாசத் தொகையைக் கேட்கக்கூடாது என்ற பாதுகாப்பு அப்பாவுக்குக் கிடைக்காது. சட்டத்தின் கண்ணில் அவர் காப்பீடு இல்லாதவர். காப்பீடு இல்லாதவர்களுக்கென அதே சட்டத்தில் முன்மதிப்பீடு பெறும் உரிமை இருக்கிறது. அதைப் பற்றி அடுத்த கேள்வியில் வருகிறது. ஆனால் அது நாள் குறித்துச் செய்யும் சிகிச்சைக்குத்தான், நள்ளிரவு நெஞ்சுவலிக்கு அல்ல.

இருந்தாலும் அப்பா வெறுங்கையோடு நிற்கவில்லை. 1986-இல் வந்த எம்டாலா என்ற சட்டம், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் திட்டத்தில் பங்கேற்கும் எந்த மருத்துவமனையின் எமர்ஜென்சி பிரிவும், வந்தவரிடம் பணம் இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா, எந்த நாட்டுக் குடிமகன் என்று பார்க்காமல் பரிசோதித்து, உடல்நிலையைச் சீராக்க வேண்டும் என்கிறது. காப்பீட்டு விவரத்தைக் கேட்கலாம்; அதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பில் வரும் என்பது வேறு, சிகிச்சை மறுக்கப்படும் என்பது வேறு. அந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எமர்ஜென்சிக்குப் போகவே தயங்கும் பெற்றோர் பலர் உண்டு.

இப்போது பில்களுக்கு வருவோம். வந்திருப்பது வெறும் மொத்தத் தொகையாக இருந்தால், ஒவ்வொரு வரியும் குறியீட்டுடன் உள்ள விவர பில்லை மருத்துவமனையிடம் கேளுங்கள். ஒரே பரிசோதனை இரு முறை ஏறியிருப்பதும், கொடுக்காத மருந்து பட்டியலில் இருப்பதும் அபூர்வம் அல்ல. அடுத்து, மருத்துவமனை லாப நோக்கற்றதா என்று பாருங்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் பெரும்பகுதி அப்படிப்பட்டவைதான். வரிவிலக்குப் பெறும் அத்தகைய மருத்துவமனைகள், வசதி குறைந்தவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கும் அல்லது தள்ளுபடி செய்யும் நிதியுதவிக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட்டிருக்க வேண்டும் என்பது வரிச் சட்டத்தின் கட்டாயம். மருத்துவமனையை விட்டு வந்த பிறகு கிடைக்கும் முதல் பில்லின் நாளிலிருந்து 240 நாள்கள் வரை விண்ணப்பிக்கலாம். அந்த முதல் பில்லுக்குப் பின் 120 நாள்களுக்குள் வழக்குத் தொடுப்பது, கடன் வரலாற்றைப் பதிவுசெய்யும் கிரெடிட் நிறுவனங்களுக்குத் தெரிவிப்பது போன்ற கடுமையான வசூல் நடவடிக்கைகளை அவர்கள் எடுக்கக்கூடாது. அப்பகுதியில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்று சில மருத்துவமனைகள் நிபந்தனை வைக்கின்றன. சிலவற்றில் அது இல்லை. படித்துப் பார்க்காமல் நமக்குக் கிடைக்காது என்று நாமே முடிவுசெய்துகொள்ள வேண்டாம். விண்ணப்பத்தில் கேட்பது நோயாளியின் வருமானத்தை என்பதால், அப்பாவின் ஓய்வூதியச் சான்று போன்றவை உதவும்.

விசிட்டர் இன்சூரன்ஸ் மறுப்பையும் அப்படியே ஏற்க வேண்டாம். ஏற்கெனவே இருந்த நோய் திடீரென முற்றினால் அதற்கு மட்டும் குறிப்பிட்ட தொகைவரை கொடுப்போம் என்ற பிரிவு பல பாலிசிகளில் இருக்கிறது. 'அக்யூட் ஆன்செட்' என்ற தலைப்பில் தேடுங்கள். முன்பு இருந்தது ரத்த அழுத்தம் மட்டுமே, இதய நோய் அல்ல என்றால், ஊரில் பார்த்த மருத்துவரின் கடிதத்துடன் மறுபரிசீலனை கேளுங்கள்.

உங்கள் பெயரில் கடன் ஏறுமா என்று கேட்டீர்கள். பொதுவாக, வயதுவந்த ஒருவரின் மருத்துவக் கடன் அவருடையதே. பிள்ளை என்பதற்காக உங்களுடையதாகிவிடாது. ஆனால் பதிவின்போது 'கேரண்டர்' என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், கட்டும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகிவிடும். பதற்றத்தில், தொடர்புக்கு உரியவர் என்று நினைத்துப் பலர் அங்கே கையெழுத்திட்டுவிடுகிறார்கள். பென்சில்வேனியா போன்ற சில மாநிலங்களில், வசதியற்ற பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பைப் பிள்ளைகள் மீது சுமத்தும் பழைய சட்டங்களும் உண்டு. உங்களிடம் கையெழுத்து வாங்கிய படிவங்களின் நகலைக் கேட்டுப் பார்த்துவிட்டு, எவ்வளவு கட்டுவது என்பதை அதன் பிறகு பேசுங்கள்.

அப்பாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும் என்றும் எழுதியிருந்தீர்கள். ஃபெடரல் நிதி பெறும் மருத்துவமனைகள் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்து தர வேண்டும். தமிழுக்கும் தொலைபேசி வழியாகக் கேட்கலாம். நெஞ்சில் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை மகனே அப்பாவிடம் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்ற நிலை தேவையில்லை.

கேள்வி: வேலை போய்விட்டது, இன்சூரன்ஸும் அந்த மாதக் கடைசியோடு முடிந்துவிட்டது. முன்பே நாள் குறித்திருந்த முழங்கால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனைக் கைப்பணத்தில் எடுத்தேன். 900 டாலர் ஆகும் என்று எழுதிக் கொடுத்தவர்கள், இப்போது 1,450 டாலருக்கு பில் அனுப்பியிருக்கிறார்கள். – வாசகர், வாஷிங்டன் மாநிலம்

பதில்: அவர்கள் எழுதிக் கொடுத்ததை பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் அல்லவா? 'குட் ஃபெய்த் எஸ்டிமேட்' என்ற அந்த முன்மதிப்பீடு, காப்பீடு இல்லாதவருக்கும், காப்பீட்டைப் பயன்படுத்தாமல் கைப்பணம் கட்டுபவருக்கும் சட்டம் தந்த உரிமை. சிகிச்சைக்கு மூன்று வேலை நாள்களுக்கு முன்பாவது நாள் குறித்திருந்தால், குறித்த மறு வேலை நாளுக்குள்ளும், பத்து வேலை நாள்களோ அதற்கு மேலோ இருந்தால் மூன்று வேலை நாள்களுக்குள்ளும் அதைத் தர வேண்டும். பில் அந்த மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால், நீங்கள் வழக்கு மன்றம் போகாமலேயே அரசு ஏற்பாடு செய்த நடுவரிடம் முறையிடலாம். உங்களுக்கு வித்தியாசம் 550 டாலர். முதல் பில் கிடைத்த நாளிலிருந்து 120 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 25 டாலர். விசாரணை முடியும்வரை அந்த பில்லை வசூல் நிறுவனத்துக்கு அனுப்பக்கூடாது. தாமதக் கட்டணமும் ஏற்றக்கூடாது.

ஆனால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 400 டாலர் என்பது ஒவ்வொரு மருத்துவருக்கும் மையத்துக்கும் தனித்தனியான கணக்கு. ஸ்கேன் மையத்தின் மதிப்பீட்டில் படத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் மருத்துவரின் கட்டணம் சேராமல் இருந்து, கூடுதல் தொகை அவரிடமிருந்து தனி பில்லாக வந்திருந்தால், மையத்தின் மீது முறையிட முடியாது. அடுத்த முறை மதிப்பீடு வாங்கும்போதே, அறிக்கைக் கட்டணமும் இதில் உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

முறையீட்டுக்கு முன் இன்னொரு வழியும் உங்களுக்குத் திறந்திருக்கலாம். இருபது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தை விட்டு வந்தவர்களுக்கு, பழைய இன்சூரன்ஸையே முழுப் பிரீமியமும் தாமே கட்டித் தொடரும் கோப்ரா வசதி உண்டு. அதைத் தேர்ந்தெடுக்க 60 நாள் அவகாசம் இருக்கிறது. தேர்ந்தெடுத்து, விட்டுப்போன பிரீமியத்தையும் கட்டினால், காப்பீடு முடிந்த நாளிலிருந்தே தொடர்ந்ததாகக் கணக்கிடப்படும். அந்த 60 நாள் இன்னும் கழியவில்லை என்றால், பிரீமியம் எவ்வளவு, ஸ்கேனுக்கு நெட்வொர்க் விலை எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு ஸ்கேனுக்காக மட்டும் என்றால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. முழங்காலுக்கு அடுத்து அறுவை சிகிச்சை இருக்கிறது என்றால் கணக்கு தலைகீழாக மாறிவிடும்.

கேள்வி: எட்டாம் மாதத்திலேயே பிறந்த எங்கள் குழந்தை இரண்டு வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது. அங்கு பார்த்த மருத்துவர்கள் நெட்வொர்க்கில் இருந்தார்களா என்றே தெரியவில்லை. பில்லை நினைத்தால் தூக்கம் வரவில்லை. – வாசகி, வட கரோலினா

பதில்: மருத்துவமனை நெட்வொர்க்கில் இருந்தால், பச்சிளங்குழந்தை மருத்துவர்கள் யாராக இருந்தாலும் நெட்வொர்க்குக்கு உரிய பங்கை மட்டுமே கேட்க முடியும்; உங்களிடம் ஒப்புதல் வாங்கியிருந்தாலும் செல்லாது. இதைவிட அவசரமானது வேறொன்று. குழந்தையை அலுவலக இன்சூரன்ஸில் பிறந்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் சேர்க்க வேண்டும். சேர்த்தால் பிறந்த நாள் முதலே காப்பீடு உண்டு. சோஷியல் செக்யூரிட்டி எண் வரட்டும் என்று காத்திருந்து நாள் கடத்துகிறவர்கள் உண்டு. அந்த எண் இல்லாமலேயே முதலில் சேர்த்துவிட முடியுமா என்று எச்.ஆர். பிரிவில் இன்றே கேளுங்கள். குழந்தை காப்பீட்டிலேயே இல்லை என்றால், மேலே சொன்ன பாதுகாப்பு எதுவும் கைகொடுக்காது.

கேள்வி: ஓராண்டுக்கு முந்தைய மருத்துவ பில்லுக்கு வசூல் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்க இருக்கிறோம். சண்டை போடாமல் கட்டிவிடுவதே நல்லதா? – வாசகர், ஜார்ஜியா

பதில்: அவசரப்பட வேண்டாம். வசூல் நிறுவனத்தின் முதல் அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 30 நாள்களுக்குள், இந்தக் கடனை நான் மறுக்கிறேன், சான்று அனுப்புங்கள் என்று எழுத்தில் கேட்டால், சான்று தரும்வரை அவர்கள் வசூலை நிறுத்த வேண்டும். தொலைபேசியில் மட்டும் பேசினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அந்த இடைவெளியில் பழைய ஈ.ஓ.பி.யை இன்சூரன்ஸின் இணையக் கணக்கிலிருந்து எடுத்து, உங்கள் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். வசூலுக்குப் போனது வித்தியாசத் தொகையாக இருக்கலாம்.

கிரெடிட் அறிக்கையைப் பொறுத்தவரை, மூன்று பெரிய கிரெடிட் நிறுவனங்களும் கட்டி முடித்த மருத்துவக் கடன்களை 2022 ஜூலை முதலும், 500 டாலருக்குக் குறைவானவற்றை 2023 ஏப்ரல் முதலும் தாமாகவே நீக்கிவிட்டன. கட்டாத கடனையும் ஓராண்டு கழியும்வரை ஏற்றுவதில்லை. எல்லா மருத்துவக் கடன்களையும் நீக்குவதற்காக 2025 ஜனவரியில் வந்த ஃபெடரல் விதியை, அதே ஆண்டு ஜூலையில் டெக்சஸில் உள்ள ஃபெடரல் நீதிமன்றம் ரத்துசெய்துவிட்டது. ஆகவே உங்கள் தொகை 500 டாலருக்கு மேல் என்றால் அறிக்கையில் ஏறும் ஆபத்து உண்மையே. வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இன்சூரன்ஸின் இணையப் பட்டியலில் இருந்த மருத்துவரிடம்தான் போனேன். பட்டியல் பழையது, அவர் விலகிவிட்டார் என்று இப்போது சொல்கிறார்கள். – வாசகி, மாசசூசெட்ஸ்

பதில்: பட்டியலின் தவறுக்கு நீங்கள் பொறுப்பல்ல. பட்டியலை 90 நாள்களுக்கு ஒரு முறை சரிபார்க்க வேண்டியது இன்சூரன்ஸின் கடமை. அதை நம்பிப் போனவரிடம் நெட்வொர்க்குக்கு உரிய பங்குக்கு மேல் வாங்கக்கூடாது. கூடுதலாகக் கட்டியிருந்தால் மருத்துவர் அதை வட்டியுடன் திருப்பித் தர வேண்டும். சிக்கல் எல்லாம் நிரூபிப்பதில்தான் இருக்கிறது. பட்டியல் ஒரே நாளில் திருத்தப்பட்டுவிடும். நீங்கள் பார்த்தபோது அவர் பெயர் அங்கே இருந்தது என்பதற்கு உங்களிடம் சான்று இருக்காது. அன்று மருத்துவரின் அலுவலகத்துக்கோ இன்சூரன்ஸுக்கோ தொலைபேசியில் பேசியிருந்தால், அந்த உரையாடலின் குறிப்பு எண்ணையோ பதிவையோ அவர்களிடமே கேட்கலாம். அதுவும் இல்லை என்றால், அவர் எந்தத் தேதியில் விலகினார், பட்டியலில் எந்தத் தேதியில் நீக்கப்பட்டார் என்ற இரண்டையும் எழுத்தில் தருமாறு இன்சூரன்ஸிடம் கேளுங்கள். உங்கள் சிகிச்சை நாள் அந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் வந்தால், வேறு சான்று தேவைப்படாது.